அத்தானின் கழுத்து

தாட்சாயினியைத் தெரிந்தவர்கள் அவளைக் கோபக்காரி என்பார்கள். அது சரியான சொல் இல்லை. கோபம் வரும், போகும். இவளுக்கு வந்தது போகாது. பள்ளிக்கூடத்தில் தன் பெயரை வேண்டுமென்றே பிழையாகக் கூப்பிட்ட ஆசிரியையின் கார் நம்பரை நாற்பத்தாறு வயதிலும் சொல்வாள். அப்படிப்பட்டவளை ஒருவர் இருபது வருடமாகச் சீண்டிக்கொண்டிருந்தார் என்றால் அவருக்கு என்ன துணிச்சல் என்று தோன்றும். துணிச்சலெல்லாம் ஒன்றுமில்லை. அவர் அக்காவின் புருஷன், அதிலும் டொக்டர். அவ்வளவுதான்.

அவளும் ஒரு டொக்டர்தான், ஆனால் வேறு மாதிரி. செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால், டயர் கடைக்குப் பக்கத்தில் அவளுடைய கிளினிக் இருக்கிறது. அவள் கைரோபிராக்டர். முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் இறுகிப்போன இடத்தைக் கையால் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் மட்டும் சட்டென்று ஒரு அழுத்தம் கொடுத்து இளக்கிவிடுகிற வேலை. லொறி ஓட்டுகிறவர்கள், பொதிகள் தூக்குகிறவர்கள், நாள் முழுக்கக் கணினிக்கு முன் குனிந்திருப்பவர்கள் என்று வருவார்கள். வரும்போது சரிந்து நடந்தவர்கள் போகும்போது நிமிர்ந்து போவார்கள். எல்லாரும் அல்ல, பாதிப்பேர். மீதிப்பேரை அவளே எக்ஸ்ரேக்கும் வேறு டொக்டர்களிடமும் அனுப்பிவிடுவாள்.

பத்து வயதில் பெற்றோரோடும் அக்கா பவளத்தோடும் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தவள். வீட்டில் அவளை மருத்துவத்துக்கென்று நேர்ந்துவிட்டிருந்தார்கள். பரீட்சை முடிவு வந்தது, கொஞ்சத்தில் தவறிவிட்டது. அந்தக் கொஞ்சத்துக்காக அம்மா மூன்று நாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. அதே வருடம் பவளத்துக்கு டொக்டர் அருந்தவனைப் பேசி முடித்தார்கள். மகள் கொண்டுவராத பட்டத்தை மருமகன் கொண்டுவந்தார். வீடு மறுபடியும் போனை எடுக்கத் தொடங்கியது.

தாட்சாயினி கைரோபிராக்டிக் படிக்கச் சேர்ந்தாள். முதல் மாதம் அவளைப் பிடித்து இருத்தியது எலும்புகள் அல்ல, அந்தத் தொழிலின் சரித்திரம். 1895இல் அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர் ஒன்றில், காந்தத்தால் நோய் தீர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பாமர் என்ற மனிதர், அதே கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற காது கேளாத ஒருவரின் முதுகில் புடைத்துக்கொண்டிருந்த எலும்பை ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினாராம். காது கேட்டதாம். கேட்டதோ இல்லையோ, தொழில் பிறந்துவிட்டது. நோய் என்று எது வந்தாலும் முதுகெலும்புதான் காரணம் என்று அந்த மனிதர் சாதித்தார். இதை வகுப்பில் சொன்ன விரிவுரையாளரே, இதை நம்பிவிடாதீர்கள், முதுகுவலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். தாட்சாயினியும் நம்பவில்லை. கைக்குழந்தையின் முதுகில் கைவைத்து வயிற்றுவலியைத் தீர்க்கிறேன் என்கிற கைரோபிராக்டர்களைக் கண்டால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றி எரியும்.

அவளுக்குப் பிடித்தது பிறகு நடந்த கதை. அனுமதியில்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று பாமரைச் சிறையில் போட்டார்கள். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மகன் கைக்குப் போனது; தகப்பனுக்கும் மகனுக்கும் கடைசிவரை பகை. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அந்த நாட்டு டொக்டர்களின் சங்கம் இந்தத் தொழிலை ஒழிப்பதற்கென்றே ஒரு குழு வைத்திருந்தது. கைரோபிராக்டர்கள் சிலர் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டு, பதினொரு வருடம் விடாமல் இழுத்து, 1987இல் வென்றார்கள். பாடப் புத்தகத்தில் பதினொரு வருடம் என்ற இடத்துக்குக் கீழே அவள் கோடு போட்டு வைத்திருந்தாள். அவுஸ்திரேலியாவில் கதை கொஞ்சம் அமைதியானது. விசாரணைகள் நடந்தன, மாநிலங்கள் சட்டம் போட்டன, எண்பதுகளில் மெல்பேர்னில் அரசு நிறுவனமே பட்டப்படிப்பு நடத்தியது. 2010இலிருந்து டொக்டருக்கும் கைரோபிராக்டருக்கும் நாடு முழுவதும் ஒரே சட்டம். ஒரே அலுவலகத்தில் பதிவு, முறைப்பாடு வந்தாலும் ஒரே அலுவலகம். அருந்தவன் அத்தானும் தானும் ஒரே பதிவேட்டில் இருப்பதை அவள் அந்த வருடமே இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டாள். இரண்டு பெயரையும் பார்த்ததில் அவளுக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம்.

அத்தானுக்கு அது எங்கே உறைக்கப்போகிறது? அக்கா மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு நடுவே அவளைத் தோளில் தட்டி, "இவ எங்கட நெட்டி முறிக்கிற டொக்டர்" என்று அறிமுகம் செய்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு போகிற வீட்டிலெல்லாம் யாராவது விரலை நீட்டி, இதை ஒருக்கா முறித்து விடும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாததை அவர் ஏழு வருடத்துக்கு முன் செய்தார்.

அவளிடம் வருகிற கமலேஸ்வரி அன்ரி ஒரு நாள் கழுத்தைக் காட்ட வந்தார். முதலில் படிவம் நிரப்ப வேண்டும்: என்ன மருந்து, தலைச்சுற்று உண்டா, சாப்பிட்டீர்களா. எல்லாவற்றுக்கும் அன்ரி நல்ல பிள்ளையாகப் பதில் எழுதினார், சாப்பிட்டேன் என்றும் எழுதினார். தாட்சாயினி கழுத்தைத் தொட்டதுதான் தாமதம், அன்ரி கண் செருகிக் கட்டிலிலேயே மயங்கிவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கந்தசஷ்டி ஆறாம் நாள். ஐந்து நாளாகத் தண்ணீரும் இளநீரும்தான். விரதம் என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பொய் எழுதினாராம். முருகன் மன்னிப்பார் என்றாராம். தாட்சாயினி அன்று அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பெயர் சொல்லாமல், இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னாள். மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: அக்கா, அத்தான், அவள்.

மூன்று வாரத்தில் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் முறைப்பாடு. இந்தக் கைரோபிராக்டர் கழுத்தைத் திருகியதால் வயதான பெண் ஒருவர் நினைவிழந்தார் என்று இருந்தது. அன்ரி மயங்கிய நாளின் தேதி சரியாக இருந்தது. விரதம் என்ற சொல் மட்டும் இல்லை. விசாரணை முடியும்வரை அவள் யாருடைய கழுத்திலும் கைவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது, அது பதிவேட்டில் அவள் பெயருக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி ஏறியது. அப்பா இணையத்தில் மகளின் பெயரைத் தட்டிப் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தவர். அந்த வரியை வாசித்த பிறகு அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார். பதினொரு மாதம் கழித்து, கமலேஸ்வரி அன்ரி விரத விஷயத்தைத் தானே எழுதிக் கொடுத்து, முறைப்பாடு தள்ளுபடியானது. அப்பா ஒன்பதாம் மாதமே இறந்துவிட்டார்.

யார் எழுதியது என்று தாட்சாயினிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா பதிவேடு என்றால் என்னவென்று அறியாதவள். தாட்சாயினி அத்தானிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லநாள் பெருநாளில் அவர் வீட்டுக்குப் போனாள், அவருக்கு எதிரே இருந்து சாப்பிட்டாள், அவர் வாயிலிருந்தே அது வரும் நாளுக்காகக் காத்திருந்தாள். அவருக்குக் கெட்டது நடக்க வேண்டும் என்று அவள் சாமியிடம் கேட்டதில்லை. சாமிக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு வரவேற்பில் வேலை செய்கிற பெண்ணை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டப்போன நேரத்தில், அத்தான் பின்பக்கமாக வந்து நின்றார். காரை டயர் கடைக்குப் பின்னால் விட்டிருந்தார். ஆறு நாளைக்கு முன் ஹெலன்ஸ்பர்க் கோயில் திருவிழாவில் சாமி தூக்கினவர். திரும்புகிற இடத்தில் பாரம் முழுக்க அவருடைய தோளுக்கு வந்து கழுத்து ஒரு வெட்டு வெட்டியிருக்கிறது. அன்றிலிருந்து இடப்பக்கக் கழுத்தும் தலையும் வலி. வலி மாத்திரைகளைத் தானே எழுதித் தானே விழுங்கிப் பார்த்திருக்கிறார். இன்னொரு டொக்டரிடம் போக வெட்கம். இதையெல்லாம் அவர் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"கழுத்தை ஒருக்கா எடுத்து விடும். அக்காவுக்குச் சொல்லத் தேவையில்லை."

தாட்சாயினி படிவத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தாள். எனக்குமா என்று கேட்டார். ஓம், எல்லாருக்கும்தான் என்றாள். அவர் கதிரையில் இருந்து கேள்விகளை வாசிக்காமலேயே இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாகப் புள்ளடி போட்டுக்கொண்டு போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைச்சுற்று, பார்வை மாற்றம், புதுவிதமான தலையிடி, எல்லாவற்றுக்கும் இல்லை. டொக்டர்கள் நிரப்புகிற படிவம் இப்படித்தான் இருக்கும். நோய் மற்றவர்களுக்கு வருவது என்று படித்தவர்கள்.

கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். தலைமாட்டில் இருந்து இரண்டு கையாலும் அவர் தலையை ஏந்தினாள். அத்தானின் தலை நல்ல பாரம். இருபது வருடமாக அவளைப் பார்த்து ஆடிய தலை. அவர் கண்ணை மூடிக்கொண்டு உடம்பைத் தளர விட்டார். அவ்வளவு நம்பிக்கை! மனதுக்குள்ளே இவள் கைதேர்ந்தவள் என்று தெரிந்திருக்கிறது, வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. ஒரு திருப்பு. அவள் நினைத்தது உண்மை, அதை மறைப்பதில் பயனில்லை. ஒரு திருப்புக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும்.

கண்ணைத் திறவுங்கள் என்றாள், பழக்கத்தில். அவர் திறந்தார். வலது கண் முழுக்கத் திறந்தது. இடது கண் மடல் பாதியிலேயே நின்றது. அந்தக் கண்ணின் பாவை மற்றதைவிடச் சின்னதாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். கழுத்து வெட்டுப்பட்ட ஆறாம் நாள், ஒரு பக்க வலி, புதுத் தலையிடி, தொங்குகிற மடல், சுருங்கிய பாவை. கழுத்தின் இரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருக்கிறது. அங்கே உறைகிற இரத்தம் எந்த நிமிடமும் மூளைக்குப் போகலாம். தொடாதே, உடனே அம்புலன்ஸைக் கூப்பிடு. இது அவள் படிப்பில் முதல் வருடமும் கடைசி வருடமும் சொல்லிக் கொடுத்த பாடம். சுவர் மணிக்கூட்டில் ஒன்று பன்னிரண்டு. அவள் போனை எடுத்தாள். எடுத்தவள் எண்ணை அமத்தாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த முறைப்பாட்டை எழுதினது ஆர் அத்தான்?"

எந்த முறைப்பாடு என்றார் அவர். அவள் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை என்றார், பிறகு அது பழைய கதை என்றார், பிறகு கழுத்தைப் பார்க்கப்போகிறீரா இல்லையா என்று சத்தம் போட்டார். அவள் அவருடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் முதல் சொல்லுங்கோ, பிறகு நான் சொல்லுறன்."

அவர் எழுந்து இருந்தார். இப்படிப்பட்ட இடத்துக்கு வந்தது என் பிழை என்று சொல்லிக்கொண்டு, மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுக்க வலது கையை நீட்டினார். விரல்கள் திறப்பைத் தொட்டன, பிடிக்கவில்லை. இன்னொரு தரம் முயன்றார். திறப்பு கீழே விழுந்தது. அவர் தன் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முப்பது வருடம் டொக்டராக இருந்தவர். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தனக்கு என்ன நடக்கிறது என்பதும், அது இவளுக்கு முன்பே தெரியும் என்பதும்.

"நான்தான். நான்தான் எழுதினனான். கூப்பிடும்."

அவள் அமத்தினாள். மணி ஒன்று பத்தொன்பது. அம்புலன்ஸ்காரர்களுக்கு எதைச் சொல்ல வேண்டுமோ அதைப் பிசகாமல் சொன்னாள், எந்தப் பக்கம், எத்தனை நாள், கண் எப்படி, கை எப்படி என்று. அவர்கள் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு கணினிக்கு முன் இருந்து குறிப்பு எழுதினாள். அறிகுறி கண்டது 1.12. அழைத்தது 1.19. இப்படி எழுதித்தான் அவளுக்குப் பழக்கம். எழுதிய பிறகு இரண்டு எண்களையும் பார்த்தாள். ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய வார்த்தை கையில் இருந்தது. அதன் ருசி அன்று மாலைவரைகூட நிற்கவில்லை.

அத்தான் பிழைத்துக்கொண்டார். பேச்சு போகவில்லை, நடை போகவில்லை. வலது கை விரல்கள் மட்டும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி, உங்களை அனுப்பிய கைரோபிராக்டர் கெட்டிக்காரி, கழுத்தில் கைவைத்திருந்தால் நீங்கள் இன்று இல்லை என்று சொன்னாளாம். அக்கா அதைக் கேட்டுத் தாட்சாயினியின் இரண்டு கையையும் பிடித்து அழுதாள். அத்தான் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், டொக்டர் தாட்சாயினி என்னைக் காப்பாற்றினவ என்று சொல்லத் தொடங்கினார். அந்த மண்டபத்தில் சிரித்தவர்கள் அவளுக்குப் போன் எடுத்துப் பெருமைப்பட்டார்கள். அவள் எதை ஆசைப்பட்டாளோ அது முழுக்க வந்து சேர்ந்தது. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அவள் அந்தக் குறிப்பைத் திறந்து இரண்டு எண்களையும் பார்த்தாள். அந்த ஏழு நிமிடம் இல்லாவிட்டால் அந்த விரல்கள் இருந்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. அவளாலும்தான்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனாள். அக்கா குசினியில் இருந்தாள். அத்தான் சாய்வுக் கதிரையில் இருந்தபடி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, இடது கையால் வலது விரல்களைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"நீர் பிந்தினதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை பிள்ளை. சொல்லவும் மாட்டன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, அன்பான சிரிப்பு; அதுதான் தாங்கவில்லை. இனிச் சாகும்வரை இந்த மனிதர் அவளை டொக்டர் என்று ஊருக்குச் சொல்லுவார், அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். அவர் மறுபடியும் முறைப்பாடு எழுதியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். மன்னிப்பை எந்த அலுவலகத்தில் எதிர்ப்பது? ஒரு மாதமாக மனதில் கிடந்து புரண்டது அந்த இடத்தில் முடிவாகியது. நியாயம், தர்மம் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. இவர் கையில் என் குடுமி இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

"நீங்கள் மறைக்கத் தேவையில்லை அத்தான். நாளைக்கு நானே எழுதிக் குடுக்கப்போறன். எத்தனை மணிக்குக் கண்டனான், எத்தனை மணிக்குக் கூப்பிட்டனான், எல்லாம்."

அவர் சிரிப்பு நின்றது. உமக்கு விசரா, உம்மட தொழில் போய்விடும் என்றார்.

"ஓம். ஏன் பிந்தினனான் எண்டு கேப்பினம். நீங்கள் சொன்னதையும் எழுதத்தானே வேணும். பொய் முறைப்பாடு குடுத்த டொக்டரையும் அதே கந்தோர்தான் விசாரிக்கும்."

அவர் எழும்பப் பார்த்தார், வலது கை கதிரைச் சட்டத்தில் வழுக்கியது. அக்காவுக்குச் சொல்லாதையும், அவ தாங்கமாட்டா என்றார். அந்தக் குரல் அன்று கிளினிக்கில் கேட்ட குரல். மறுபடியும் கேட்டபோது தாட்சாயினிக்கு அது இனித்தது. இனித்ததை அவள் தனக்கே ஒளிக்கவில்லை. அவர் விரல்களைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ செய்ததையும் ஒளிக்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தன, ஒன்று மற்றதைத் தள்ளவில்லை.

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். அக்கா தங்கைக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றாள். தாட்சாயினி அடுப்பை நிறுத்தினாள்.

"அக்கா, இதில இரு. அப்பா வாசிச்ச அந்த வரியை ஆர் எழுதினது எண்டும், இவற்ற கை ஏன் இப்பிடிக் கிடக்குது எண்டும் சொல்லப்போறன். முடியும்வரைக்கும் எழும்பாதை."